தேர்வு மாதத்து வல்லாரை

மாசி பிறந்துவிட்டால் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி முன்தட்டுக்கு வந்துவிடும். சித்திரையில் மறுபடி உள்ளே போய்விடும். நன்னாரி வெயிலுக்கு விற்கும், நிலவேம்பு காய்ச்சலுக்கு விற்கும், வல்லாரை பரீட்சைக்கு விற்கும். அப்பா கல்லாவில் இருந்த காலத்தில் இப்படி ஒரு பருவமே கிடையாது. அப்போது வல்லாரை கேட்டு வந்தவர்கள் வாய்ப்புண்காரர்கள், சிரங்குக்காரர்கள், வயிறு நிற்காமல் போகிறவர்கள். புத்தகப் பையோடு யாரும் வந்ததாக நினைவில்லை.

இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் தாய்மார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டு அம்மா ஒருவர் போன மாசியில் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்: “ஏங்க, இத சாப்ட்டா படிச்சது நெஜமாவே மனசுல நிக்குமா?” காசு வாங்கிக் கல்லாவில் போடுகிறவன் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். ‘நிற்கும்’ என்று சொன்னால் வியாபாரம். ‘நிற்காது’ என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. கடை வாசலில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஊரில் வைத்தியப் பேச்சு புதிதல்ல. மாகறலீஸ்வரர் கோயிலுக்குத் திங்கட்கிழமைகளில் வருகிறவர்களில் எலும்பு நோய்க்காரர்கள் அதிகம். சம்பந்தர் இந்தத் தலத்தில் பாடிய பதிகத்தை நோய் தீர ஓதுவது வழக்கம். இங்கே லிங்கம் உடும்பின் வால் வடிவம். பொன் உடும்பு ஒன்றைத் துரத்தி வந்த சோழ அரசன் புற்றுக்குள் சிவனைக் கண்டான் என்பது தலபுராணம். அதே புராணத்தில் ஒரு பையனும் வருகிறான். ஊரிலிருந்த தெய்வீகப் பலாமரம் நாளுக்கொரு பழம் தரும்; அதைச் சுமந்து சிதம்பரத்துக்குக் கொண்டுபோகும் வேலை வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். தன் முறை வந்தபோது ஒரு பையன் மரத்தையே எரித்துவிட்டான். அரசன் அவனை ஊரைவிட்டு அனுப்பினான், பொழுது விடிந்த இடம் விடிமாகறல் ஆயிற்று என்பார்கள். என் ஆயா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பையன் பக்கம்தான் பேசுவாள்.

வல்லாரை ஆயாவுக்கு மருந்தல்ல, கீரை. செய்யாற்று வாய்க்கால் ஓரமும் ஏரிக்குக் கீழே நஞ்சை வரப்பிலும் படர்ந்து கிடக்கும். கொடி தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். இலை வட்டமாக, காம்பு சேரும் இடத்தில் மட்டும் வெட்டுப்பட்டு, ஓரம் பிறைபிறையாக இருக்கும். கொத்துமல்லிக் குடும்பத்துச் செடி. கசக்கி முகர்ந்தால் அந்த வாசனையின் சாயல் தெரியும், நாக்கில் வைத்தால் கசப்பும் துவர்ப்பும். ஆயா உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் வறுத்து, தேங்காய் வைத்துத் துவையல் அரைப்பாள். வல்லாரைக்குப் புளி ஆகாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் எலுமிச்சம்பழம் பிழிவாள். கோயிலின் தல விருட்சமும் எலுமிச்சைதான். அதற்கும் துவையலுக்கும் சம்பந்தம் கிடையாது, சொல்லத் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் இதையே பச்சையாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைதான்) சேர்த்துச் சம்பல் போடுவார்கள். பரீட்சை இருக்கிறவன் இல்லாதவன் எல்லாரும் சாப்பிடுகிற சம்பல் அது.

சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் வல்லாரைக்கு மனப்பாடம் செய்கிற குணவாகடப் பாட்டு ஒன்று உண்டு. அதில் வரும் நோய்கள் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, இரத்தக் கடுப்பு. இதை மருந்தென்று எல்லாருக்கும் சொல்லி வீட்டில் வளர்த்து வை என்று பாட்டு முடிகிறது. ஞாபகசக்தி என்ற பேச்சு அந்தப் பாட்டில் இல்லை. இதை வைத்துக்கொண்டு வல்லாரைக்கும் அறிவுக்கும் மரபில் தொடர்பே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. கற்ப முறைகளில் அறிவு பெருகும் என்ற பேச்சு வருகிறது. வடமொழியில் சரக சம்ஹிதை புத்திக்கு நல்லது என்று நான்கு சரக்குகளைத் தனியே எடுத்துச் சொல்கிறது: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. மண்டூகபர்ணி என்றால் நம் வல்லாரை என்றே பெரும்பாலான வைத்தியர்கள் கொள்கிறார்கள். ஆக, பேச்சு பழையதுதான். ஆனால் அந்த நீண்ட பட்டியலில் ஞாபகசக்தி ஒரு மூலையில் இருந்தது. வாய்ப்புண்ணையும் வயிற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நின்றது எப்போது என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

இதற்கு எங்கள் ஆற்றங்கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மாகறலைக் கடந்து கிழக்கே போகிற செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறக்குறைய 1068. ஒரே கோயில் வளாகத்தில் ஒரு கல்விச்சாலை, அதில் படிப்பவர்களுக்கு விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஆகிய மூன்றுக்கும் செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் செடி பறித்து வருவோர் இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஆள்கணக்கு. வைத்தியரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அதன் பிறகு ஆண்டு முழுவதும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள், ஏறக்குறைய 20. ஹரீதகியில் பல வகை, வில்வாதி கிருதம், கல்யாணக லவணம், பழைய நெய்… பெயர்களைப் படிக்கப் படிக்க என் கடை அலமாரியைப் பார்ப்பது போலிருக்கிறது.

அந்தப் பட்டியலில் ‘பிராம்யம் கடும்பூரி’ என்றொரு மருந்து இருக்கிறது. எங்கள் தொழில்காரர் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, சோழன் காலத்திலேயே பிள்ளைகளுக்கு ஞாபகசக்திக்கென்று பிரமி மூலிகை கொடுத்தார்கள் என்று பேசிவிடுவார்கள். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. எந்த மருந்து எந்த நோய்க்கு என்று அதில் எழுதவே இல்லை. மருந்தின் பெயரும் இருப்பு அளவும் மட்டும்தான்.

மாணவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. அங்கே ரிக் வேதம் படிப்போர் 10 பேர், யஜுர் வேதம் படிப்போர் 10 பேர், இலக்கணம் படிப்போர் 20 பேர், இன்னும் சிலர். எல்லாம் செவிவழிப் படிப்பு. ஆயிரக்கணக்கான மந்திரத்தையும் சூத்திரத்தையும் ஓர் எழுத்து பிசகாமல் மனத்தில் ஏற்ற வேண்டியவர்கள். ஞாபகசக்தி வியாபாரத்துக்கு அவர்களைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சோழன் ஒதுக்கியவை: அன்றாடம் சோறும் கறியும், படுக்கப் பாய், ஆண்டுக்கு 51 சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய். நோய் வந்தால் பக்கத்திலேயே வைத்தியர். படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது வயிற்றுக்குச் சோறும் தூங்கப் பாயும் என்று கணக்கெழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மனப்பாடம் செய்து செய்தே மூளையை வளைப்பது என்ன வேலை செய்கிறது என்பதை நம் காலத்தில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்பவரும் உடனிருந்தவர்களும் யஜுர் வேதம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய 21 பண்டிதர்களின் மூளையை ஸ்கேன் செய்து, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பல பகுதிகளில் பண்டிதர்களுக்குச் சாம்பல்நிறப் பொருள் கூடுதலாக இருந்தது. பயிற்சியால்தான் கூடியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் அந்தப் படிப்பில் நிலைத்தார்களா என்பதை அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பத்தாண்டு ஓதியதற்கு ஒரு பலன் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் தடையில்லை.

வேதம் படிக்காத ஊர்ப்பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம். உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் அந்தப் பள்ளிகளை விவரித்திருக்கிறார். எண்சுவடி முழுவதையும் வாய்ப்பாடமாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனிடமும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். மறந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தினமும் இராத்திரி ஒரு பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் திருப்பி எடுக்கிற இந்தப் பழக்கத்துக்கு ஈடான பொடி எங்கள் கடையில் இன்றுவரை வரவில்லை. பச்சிலை அந்தப் பள்ளிக்கூடத்திலும் இருந்தது. அது வாய்க்குள் போகவில்லை. புது ஏட்டில் எழுத்து தெரிய மஞ்சளும் பச்சிலைச் சாறும் பூசி மையாடுவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சி உச்சத்துக்குப் போனால் அவதானம். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் மனம் செலுத்துவது. ‘கவனச் சிதறல்’ என்று இன்று பிள்ளைகளைக் கடைக்கு அழைத்து வருகிறார்களே, அதற்கு நேரெதிர்க் கோடி அது.

காஞ்சிபுரத்தில் கடை வைத்துக்கொண்டு நினைவாற்றலைப் பற்றி எழுதினால் தறியைச் சொல்லாமல் விட முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போடும் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், கரை நாடாவைத் தள்ள நெசவாளி பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் அடைக் கயிறுகளை வரிசை தவறாமல் இழுத்துத்தான் பூ எழுப்பினார்கள். ஒரு கயிறு மாறினால் யாளி வாலில்லாமல் நிற்கும். இன்று அந்த நினைவு ஓட்டை போட்ட அட்டையில் இருக்கிறது, சில தறிகளில் கணினியில் இருக்கிறது. உதவிக்கு உட்கார்ந்தவர்களில் சின்னப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, பள்ளிக்கூடம்தான் இல்லாமல் போயிற்று. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத்தான் இன்று வல்லாரை வாங்க வருகிறார்கள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி 1850-களுக்கு வருகிறேன். வல்லாரை உலக மருந்துச் சந்தைக்குப் போனது அப்போதுதான், போனது ஞாபகத்துக்காக அல்ல, குஷ்டத்துக்காக. மொரீஷியஸ் தீவில் மருத்துவர் பொவாலோ 1852-இல் குஷ்ட நோயாளிகளுக்கு வல்லாரை பயன்படுகிறது என்று எழுதினார். செய்தி கப்பலேறி பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு வந்தது. அங்கிருந்த மருந்தாளர் லெப்பீன் 1855-இல் செடியைப் பிரித்து ஆராய்ந்து, அதில் கண்ட பொருளுக்கு ‘வெலாரின்’ என்று பெயர் வைத்தார், வல்லாரை என்ற தமிழ்ப் பெயரிலிருந்து எடுத்து. அதே 1855-இல் சென்னையில் குஷ்டரோக மருத்துவமனையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவரும் இவரே. அந்தப் பள்ளிதான் இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. ஹண்டரின் முடிவு நிதானமானது: குஷ்டத்தைத் தீர்க்கும் மருந்து என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் நோயாளியின் பொது ஆரோக்கியம் தேறுகிறது. 1868-இல் வேரிங் தொகுத்த இந்திய மருந்துநூலில் வல்லாரை இடம்பெற்றது. 1941-இல் மடகாஸ்கர் செடியிலிருந்து ஆசியாட்டிகோசைடைப் பிரித்தெடுத்தார்கள். புண் ஆற்றும் களிம்புகள் அதிலிருந்து வந்தன. இன்று கொரியாவிலிருந்து ‘சிகா’ என்று வருகிற முகக் களிம்பு இதே வல்லாரைதான். நான் கீரை விலைக்குத் தருவதை என் அண்ணன் மகள் வாசனைப் பெட்டியில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறாள்.

பாருங்கள், சித்தர் பாட்டு, பிரெஞ்சு மருந்தாளர், பிரிட்டிஷ் மருத்துவர், கொரியக் களிம்புக்காரர் என்று நாலு திசையிலிருந்தும் இந்த இலையைப் பார்த்தவர்கள் புண்ணையும் தோலையும்தான் முதலில் கண்டார்கள்.

ஞாபகசக்தி முன்னால் வந்ததற்குக் காரணம் செடியில் இல்லை, தேர்வில் இருக்கிறது என்பது என் எண்ணம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் வந்தது, மெட்ரிகுலேஷன் தேர்வும் கூடவே வந்தது. 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை. 1978-இல் பிளஸ் டூ. ஒரே வாரத்தில், ஒரே அறையில், ஒரே தாளில் பிள்ளையின் தலையெழுத்து என்றான பிறகு, கடையில் விற்கிற எதுவும் அந்த அறைக்குள் கூட வரப் பார்க்கும். நீட் வந்தபிறகு மாசிக்காரர்கள் சித்திரை வரைக்கும் வருகிறார்கள்.

ஆராய்ச்சிக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 1973-இல் அப்பா ராவும் உடனிருந்தவர்களும் மனவளர்ச்சி குன்றிய 30 குழந்தைகளுக்கு 12 வாரம் வல்லாரை கொடுத்து, பொது அறிவுத்திறன் கூடியதாக ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். வல்லாரை டப்பாக்களின் பின்பக்கம் இன்றும் இந்த ஓர் ஆய்வில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். முப்பது குழந்தைகள் என்பது மிகச் சிறிய கூட்டம். அதில் கிடைத்ததை நல்ல ஆரோக்கியத்தோடு பத்தாம் வகுப்பு எழுதப் போகும் பிள்ளைக்குப் பொருத்துவது நியாயமும் இல்லை.

பெரிய வியாபாரம் வேறு செடியில் நடந்தது, நீர்ப்பிரமியில். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் சிங்கும் தவானும் எலிகளுக்கு அதன் சாரத்தைக் கொடுத்து, அவை சீக்கிரம் கற்றுக்கொள்வதாக 1982-இல் எழுதினார்கள். பேகோசைடு என்ற பொருள்கள்தான் வேலை செய்கின்றன என்றார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 1990-களின் நடுவில் ‘மெமரி ப்ளஸ்’ என்ற மாத்திரை வந்தது. விற்றது நம்மூர் வெல்வெட், பாக்கெட் ஷாம்புவுக்குப் பேர்போனவர்கள். விளம்பரத்தில் விசுவநாதன் ஆனந்த். இதைவிடப் பொருத்தமான முகம் உலகத்தில் கிடைக்குமா? அதுவரை பிரமி நெய், வல்லாரை நெய் என்று வைத்தியர் சீட்டோடு வந்து வாங்கியவர்கள் போய், ‘ஆனந்த் மாத்திரை’ என்று கேட்டு வந்தார்கள். ஆனந்த் சதுரங்கம் கற்றது ஆறு வயதில், அம்மாவிடம். அது விளம்பரத்தில் வரவில்லை.

இங்கே கடைக்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. நீர்ப்பிரமிக்கு இலை சின்னது, தடித்தது, காம்பே இல்லாதது போல் தண்டோடு ஒட்டி இருக்கும். பூ வெளிர் ஊதா. சேற்று நீரில் வளரும், வாயில் வைத்தால் கசப்பு உடனே ஏறும். பச்சையாகப் பார்த்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். காய்ந்து, இடிபட்டு, மூட்டையில் வந்தால் எனக்கே பூதக்கண்ணாடி வேண்டும். வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்கிறார்கள், கேரளத்தில் நீர்ப்பிரமிதான் பிரமி. சங்கபுஷ்பி என்றால் ஓரிடத்தில் ஒரு கொடி, இன்னோரிடத்தில் நம் காக்கணம், வேறோரிடத்தில் விஷ்ணுகிரந்தி. ஒரு தரகர் எனக்கு ‘பிரமி’ என்று அனுப்பிய மூட்டையைப் பிரித்தபோது வல்லாரைக் காம்புகள் நீளநீளமாகக் கிடந்தன. திருப்பி அனுப்பினேன். திருப்பி அனுப்பாத கடைகளும் உண்டு. மூலிகை ஞாபகத்துக்கு நல்லதா என்று கேட்பதற்கு முன், டப்பாவுக்குள் இருப்பது எந்த மூலிகை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, நல்ல சரக்கே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பிரமிக்குச் சாட்சி கொஞ்சம் இருக்கிறது. 2001-இல் மெல்போர்னில் ஸ்டவ் குழு 46 பேரிடம் சோதித்தது, பாதிப்பேருக்குத் தினம் 300 மில்லிகிராம் சாரம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. கற்கும் வேகத்திலும் நினைவில் பதிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது, 12 வாரம் கழித்து. 2002-இல் வொல்லாங்காங்கில் 40 முதல் 65 வயதுக்காரர்கள் 76 பேரிடம் மூன்று மாதம் பார்த்தார்கள். புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது, கற்கும் வேகம் கூடவில்லை. ஒரே ஒரு வேளை கொடுத்து இரண்டு மணி நேரத்தில் சோதித்தபோது எந்த மாற்றமும் இல்லை. தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கவனத்தின் வேகத்தில் சிறு முன்னேற்றம் என்றார்கள். சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள். பள்ளிப் பிள்ளைகள் அல்ல.

வல்லாரைக்கு அதுவும் இல்லை. 2017-இல் மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நினைவிலோ கவனத்திலோ வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. எரிச்சல் குறைந்தது, சுறுசுறுப்பு கொஞ்சம் கூடியது என்று மட்டும் கிடைத்தது. பரீட்சை வீட்டில் எரிச்சல் குறைவதே பெரிய உபகாரம் என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். மேல்நாட்டுக்காரர்கள் ஞாபகத்துக்கென்று நம்பிய கிங்கோ மரத்து இலையின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் முதியவர்கள் 3,069 பேரிடம் ஏறக்குறைய ஆறு ஆண்டு நடந்த சோதனையின் முடிவு 2008-இல் வந்தது. மறதி நோய் வராமல் அது தடுக்கவில்லை.

நம் மருந்துச் சட்டத்துக்கும் இந்த ஆசை தெரியும். மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்தெந்த நோயை, குறையைத் தீர்ப்பதாக மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறது. உயரம் கூட்டுவது, வழுக்கைக்கு முடி வளர்ப்பது எல்லாம் இருக்கும் வரிசையில் மூளைத்திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை வளர்ப்பதும் இருக்கின்றன. டப்பாக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ‘ஞாபகசக்தி வளரும்’ என்று எழுத மாட்டார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளை முதல் மதிப்பெண் கோப்பையோடு சிரிக்கிற படத்தைப் போடுவார்கள்.

இயற்கைச் சரக்கு, கெடுதல் செய்யாது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நீர்ப்பிரமி சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். பரீட்சை அன்று காலையில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வல்லாரை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்ட செய்தி 2005-இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. பேச்சு வருவதற்குக் கைக்குழந்தை நாக்கில் தடவுகிறார்களே வசம்பு, அதை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்கா 1968-லேயே தடை போட்டுவிட்டது. அதிலுள்ள அசரோன் எலிகளுக்குப் புற்று உண்டாக்கியதுதான் காரணம். என் கடையில் வசம்பு இருக்கிறது. குழந்தை வாய்க்கு என்று கேட்டால் கொடுப்பதில்லை. அப்பா இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பார்.

பிள்ளையார்பாளையத்து அம்மாவுக்கும் அவரைப் போல் கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். தேர்வு அடுத்த வாரம் என்றால் எந்தப் பொடியும் எந்த மாத்திரையும் வாங்காதீர்கள், உதவாது. ஐம்பது வயதுக்காரர், மறதி தொந்தரவு செய்கிறது, நீர்ப்பிரமி சாரத்தை மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்றால், வேறு மாத்திரை எடுப்பவராக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம், பலன் சின்னதாக இருக்கும். பிள்ளைக்கு வல்லாரை கொடுக்க மனம் கேட்டால் பச்சையாகக் கட்டு வாங்கித் துவையல் அரையுங்கள், வாரத்தில் ஒருநாள் போதும். வாங்கும்போது எங்கே பறித்தது என்று கீரைக்கார அம்மாவிடம் கேளுங்கள். சாக்கடை ஓரத்தில் வளர்ந்த வல்லாரையும் இதே பச்சையாகத்தான் இருக்கும், மண்ணில் இருக்கிற ஈயத்தையும் சேர்த்து உறிஞ்சி வைத்திருக்கும்.